நூலால் பாறையை அடித்தவன்

எனக்குப் பேச்சு குறைவு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பெருமை பேசினேன். அதற்கே ஒரு கல்யாணம் நின்றது. அதன் பிறகு நான் பேச வேண்டிய தேவையே ஏற்படவில்லை. என்னைப் பற்றிய பேச்சை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்போது நான் ரங்கூனில், கியாக்டடா பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்த்தேன். பெட்டி தூக்குவது, வெந்நீர் போடுவது, கரண்டு போனால் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுவது, சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகியிருப்பது. வேலை இவ்வளவுதான். பெயர் கோவிந்தன். பர்மாக்காரர்கள் 'கோ' என்பதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சுருக்கி 'கோ வின்' ஆக்கிவிட்டார்கள். (நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேச வேண்டும்.) கைபேசி பெரிய பணக்காரர் கையில் மட்டும் இருந்த காலம் அது.

எனக்குப் பெண் பார்த்தார்கள். ரங்கூனுக்கு வெளியே கியாக்தான் ஊரில் ஆறுமுகம் மேஸ்திரி என்று ஒருவர். செம்பாறை வெட்டும் குவாரி வைத்திருந்தார். அவர் மகள் சரோஜா. என் அப்பா உயிரோடு இருந்தபோது மேஸ்திரிக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்காகத்தான் என்னைப் பார்க்கவே சம்மதித்தார். மற்றபடி பெட்டி தூக்குகிறவனுக்குப் பெண் கொடுக்கும் ஆசை அவருக்கு இல்லை. அதை மறைக்கவும் இல்லை.

சொல்லி அனுப்பினார். "ஆயுத பூசைக்கு மாப்பிள்ளய வரச் சொல்லுங்க. வரும்போது அவரு ஆயுதத்தக் கொண்டாரச் சொல்லுங்க."

அது அந்தக் குவாரியின் வழக்கம். பூசைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் தான் பிழைக்கிற தொழிலின் ஆயுதத்தோடு வர வேண்டும். கொத்தனார் கரண்டியோடு வருவார். தையல்காரி கத்தரிக்கோலோடு வருவாள். எல்லாவற்றையும் விளக்கு முன்னால் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பார்கள். வரிசையைப் பார்த்தாலே யார் என்ன ஆள் என்று தெரிந்துவிடும். மேஸ்திரி அதைத்தான் பார்க்க நினைத்தார்.

என் அம்மா யோசித்தார்.

"சாவிக்கொத்த எடுத்துட்டுப் போடா. பாக்க நல்லாருக்கும்."

"டோ சான் அம்மா தரமாட்டாங்க." டோ சான் எங்கள் விடுதிக்காரம்மா. அன்றைக்கு ஒரு நாள் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"அப்ப வெளக்கமாறு?"

விளக்கமாற்றோடு போய்ப் பெண் கேட்டவன் எங்கள் வம்சத்தில் இல்லை.

அந்த வாரம்தான் மார்த்தா வந்திருந்தார். வெள்ளைக்காரம்மா. உயரம். வடக்கே, சீன எல்லைப் பக்கம் இருக்கிற பனிமலையில் ஏற வந்தவர். அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை. அது வரும்வரை பகானுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மூட்டையைச் சாமான் அறையில் வைத்தார். மூட்டையில் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி. கறுப்புப் பிடி, வில் போல வளைந்தது. தலையில் இரும்பு அலகு, கொக்கின் மூக்கைப் போல நீளம். அலகின் கீழ்ப்பக்கம் முதலைக்கு இருப்பது போல் பல் வரிசை.

ஒன்றை என் கையில் கொடுத்தார். வாங்கினேன். என் கை தானாக மேலே போய்விட்டது. அவ்வளவு பெரிய சாமானுக்கு ஒரு கனம் இருக்கும் என்று கை முறுக்கேறித் தயாராக இருந்தது. கனம் இல்லை. எனக்கு முதல் அதிர்ச்சி அது.

பிடியைக் காட்டி "இரும்பு?" என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார். "மரம்?" அதற்கும் மறுத்தார். அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டு எடுத்துவந்தார். தன் துண்டிலிருந்து ஒரு நூலை உருவினார். கரியைக் காட்டினார், நூலைக் காட்டினார், இரண்டு விரலையும் ஒட்டிக் காட்டினார். கரியை நூலாக்கிப் பசை போட்டு ஒட்டியதாம். நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் அலகைச் சாமான் அறை வாசலின் தேக்கு விட்டத்தில் மாட்டினார். பிடியைப் பிடித்தார். தொங்கினார். காலை மடக்கிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆடினார்.

டோ சான் மாடிப்படியில் நின்றபடி "அமலே!" என்று நெஞ்சில் கை வைத்தார். (நம் 'ஐயையோ'தான் அவர்களுக்கு அமலே.) விட்டம்தான் முனகியது. பிடி அசையவில்லை.

இறங்கியபின் மார்த்தா பிடியின் மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்துக் காட்டி ஏதோ சொன்னார். விரலை ஆட்டி "நோ, நோ" என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் தொழிலில் தலையாட்டுவது பாதி வேலை. அவர் சொன்னது என்ன என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

பிறகு அதன் விலையைச் சொன்னார். நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு முறை கேட்டதே போதும்.

அவர் பகானுக்கு பஸ் ஏறினார். ஆயுத பூசை வந்தது. சாவியை டோ சானிடம் கொடுப்பதற்கு முன் சாமான் அறையைத் திறந்தேன். இரண்டு இருக்கிறது, ஒன்றுதானே என்று நினைத்தேன். பொட்டு வைத்துப் படைப்பார்கள், துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். (நான் அதிகம் யோசிக்காதவன். யோசித்த அன்று இப்படி.)

அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு கியாக்தான் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். நின்றுகொண்டே போனேன். வழியில் ஒரு மீன்காரம்மா கூடையோடு இறங்கினார். அவர் இறங்கும்போது நானும் இறங்கினேன். எனக்கு இறங்க வேண்டிய இடம் அது இல்லை. சாக்கைக் கிழித்துக்கொண்டு அலகு வெளியே வந்து கூடையின் கைப்பிடியில் மாட்டியிருந்தது. அந்தம்மா பலசாலி. திரும்பிப் பார்க்காமல் இழுத்தார். சாக்கை விட மனமில்லாமல் நான் பின்னால் போனேன்.

"ஏன்யா எம் பின்னாலயே வர்ற?" என்று பர்மியில் கத்தினார்.

"நான் வரலம்மா. கூடைதான் கூப்பிடுது."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது பிடியைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஒரு முழு ஆளை பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறது. அதன் பலத்தில் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

மேஸ்திரி வீட்டு முற்றத்தில் ஆயுதங்கள் வரிசையாக இருந்தன. கடப்பாரை, சம்மட்டி, உளி, மட்டக்கோல், அரிவாள்மணை, தையல் மெஷினின் தலை. ஓரமாக ஒரு சின்னச் சுத்தியல். அது பொன்னியுடையது. பொன்னி மேஸ்திரியின் தங்கை மகள். அந்த வீட்டிலேயே வளர்ந்து குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் சரோஜாவைத்தான் தேடினேன்.

"வாங்க மாப்பிள்ள," என்றார் மேஸ்திரி. மரியாதையாகத்தான் சொன்னார். "உங்க ஆயுதம்?"

சாக்கை அவிழ்த்தேன்.

அடுப்படியிலிருந்து பெண்கள் வந்தார்கள். லாரி டிரைவர் பீடியைக் கீழே போட்டார்.

"முனீஸ்வரன் கையில இருக்கிற மாதிரி இருக்குங்களே," என்றார்.

"இது என்னா தொழிலுக்கு மாப்பிள்ள?" என்று கேட்டார் மேஸ்திரி.

இந்த இடத்தில்தான் நான் பேசினேன். எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

"பனிமல ஏறுறவங்கள நான்தான் கூட்டிட்டுப் போறேன். இத மலையில அடிச்சு அடிச்சு மேல போவோம். ரெண்டு ஆளு தொங்கினாலும் தாங்கும். மலையவே கொத்தும்."

(நான் அதுவரை பார்த்த உயரமான இடம் எங்கள் விடுதியின் மொட்டை மாடி.)

மேஸ்திரி அதைத் தூக்கினார். அவர் கையும் மேலே போனது. எனக்குச் சந்தோஷம்.

"கனமே இல்லையே?" விரல் முட்டியால் தட்டினார். "உள்ள கூடு!"

"பலம் உள்ள இல்லீங்க மாமா. மேல."

மாமா என்று நானே உறவு வைத்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. தன் கடப்பாரையை ஒரு பக்கம் நகர்த்தினார். அந்தக் குவாரியை வெட்டிய கடப்பாரை அது. அதன் இடத்தில், நட்ட நடுவில், என் ஆயுதத்தை வைத்தார். என் ஆயுதம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தனம் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். அலகின் முனையில் ஒரு எலுமிச்சம்பழம் குத்தினார்கள். அழகாக இருந்தது. சரோஜா பொரித் தட்டோடு வந்தாள். ஆயுதத்தைப் பார்த்தாள். பிறகு என்னையும் பார்த்தாள்.

மேஸ்திரி என் தோளில் கை போட்டார். "பெட்டி தூக்குறவன்னு எவனோ சொன்னான். அவனப் பாத்தா ஒத வுடணும்."

அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் குளித்துவிட்டு ஆயுதத்தைத் துடைத்துச் சாக்கில் வைக்கலாம் என்று முற்றத்துக்குப் போனேன். எல்லாரும் அவரவர் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு குவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறாங்க?" என்று கேட்டேன்.

"மொத அடி," என்றார் லாரி டிரைவர். "ஒங்க வீட்டுல இல்லியா?"

எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் பொரி தின்றால் பூசை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. விஜயதசமி காலையில் ஒவ்வொருவரும் தன் ஆயுதத்தால் முதல் வேலையைச் செய்ய வேண்டும். அது நல்லபடி நடந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். மேஸ்திரி கடப்பாரையால் ஒரு போடு போட்டார். பாறை பிளந்தது. கொத்தனார் ஒரு கல்லுக்குச் சாந்து வைத்தார். தையல்காரி துணி வெட்டினாள். டிரைவர் எலுமிச்சம்பழத்தின் மேல் லாரியை ஏற்றினார். பொன்னி குந்தி உட்கார்ந்து ஒரு கல்லை உடைத்துவிட்டு எழுந்தாள். எல்லாம் சடசடவென்று முடிந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ள, உங்க அடி."

எதிரே செம்பாறை. ஆள் உயரம். நேற்று 'மலையவே கொத்தும்' என்று சொன்னது நான்தான். மார்த்தா விட்டத்தில் ஊஞ்சல் ஆடியது நினைவுக்கு வந்தது. மீன்காரம்மா நினைவுக்கு வந்தார். தாங்கும் என்று நினைத்தேன்.

அடித்தேன்.

அலகு வழுக்கியது. கை முன்னால் போய்விட்டது. பிடி பாறையின் விளிம்பில் 'டொக்' என்று பட்டது. அலகின் முனை மழுங்கி எங்கள் விடுதித் தேக்கரண்டி போல ஆகிவிட்டது. பிடியில் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கீறல். மார்த்தா நகத்தால் இழுத்துக் காட்டிய கோடு ஞாபகம் வந்தது.

பாறையில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.

"வெக்கப்படாதீங்க மாப்பிள்ள," என்றார் மேஸ்திரி. "மெதுவா அடிச்சா கல்லு சிரிக்கும். வாய் பாத்து அடிங்க."

வாய் என்று அவர் சொன்னது பாறையின் வெடிப்பை. வாய் பார்த்து அடித்தேன். அலகு உள்ளே போய் மாட்டியது. எல்லாரும் 'ஆ' என்றார்கள். இழுத்தேன். வரவில்லை. காலைப் பாறையில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. எருமையின் வாலைப் பிடித்து இழுக்கிறவன் போல நின்றேன். பொன்னி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"தள்ளுங்க," என்றார் மேஸ்திரி. "கடப்பார மாட்டிக்கிட்டா இழுக்கக்கூடாது. நெம்பணும்."

அவர் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நெம்பினார். நானும் ஒரு கை கொடுத்தேன். அவர் வாழ்நாள் முழுக்கப் பாறையை நெம்பியவர். அந்தக் கை எத்தனையோ கல்லைப் புரட்டியிருக்கிறது.

இரும்பு வளையும். மரம் முறியும் முன் முனகும். இது ஒன்றும் செய்யவில்லை. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். மேஸ்திரி மல்லாந்து கிடந்தார். நான் அவர் மேல் கிடந்தேன். அவர் கையில் பாதிப் பிடி. மீதிப் பிடியோடு தலை பாறையில் நின்றது. உடைந்த இடத்தில் கறுப்பு மயிர் போல நூல் நூலாக விறைத்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையில் ஒரு ஆயுதமும் அதுவரை உடைந்ததில்லையாம். அதுவும் விஜயதசமி காலையில். முகம் வெளுத்துவிட்டது.

"இது என்னா இரும்பு?" என்றார்.

"இரும்பு இல்லீங்க."

"மரமா?"

"மரம் இல்லீங்க."

"பின்ன என்னா தம்பி?"

மாப்பிள்ளை தம்பி ஆனது அப்போதுதான்.

"நூலு."

"என்னாது?"

"கரி நூலு. பசை போட்டு ஒட்டினது."

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "நூலா? நூலக் கொண்டாந்தா பாறையில அடிச்ச?"

அப்போது ஒருத்தி சிரித்தாள். பொன்னி. வாயைப் பொத்தியிருந்த முந்தானையையும் மீறி வந்துவிட்டது. எல்லாரும் சாவு வீட்டில் நிற்பது போல நிற்க, அவள் மட்டும் கல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சரோஜா உள்ளே போய்விட்டாள்.

மேஸ்திரி நல்ல மனிதர். கொஞ்ச நேரத்தில் தேறினார். "சரி வுடு. உன் சாமான் உடைஞ்சதுக்கு நானும் ஒரு காரணம். வேற ஒண்ணு செய்யச் சொல்லலாம்," என்றார். நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பது புதிது இல்லை. ஆனால் அன்று நின்ற விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"உன் சாமான்தானே?"

"இல்லீங்க. விடுதியில தங்குற வெள்ளைக்காரம்மாவோடது."

"அவங்க குடுத்தாங்களா?"

"அவங்க பகான்ல இருக்காங்க."

அப்போது அவர் முகத்தில் வந்ததுதான் உண்மையான அதிர்ச்சி. உடைந்ததற்கு வந்தது அதில் பாதிகூட இல்லை.

"அடுத்தவங்க ஆயுதத்துக்கா பொட்டு வச்சேன்? அதுக்கா என் கடப்பாரைய ஒதுக்கி வச்சேன்?" எழுந்தார். "வா. இப்பவே போறோம். அந்தம்மாவப் பாத்துக் கையில குடுக்குற வரைக்கும் எனக்குச் சோறு இல்ல. அவங்க மன்னிச்சாங்கன்னா என் பொண்ணு உனக்கு. இல்லன்னா இல்ல. சொன்னா சொன்னதுதான்."

தலையை வெடிப்பிலிருந்து உளி வைத்து எடுத்தார்கள். இரண்டு துண்டையும் ஒரு புதுத் துண்டில் சுற்றி மேஸ்திரி மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் பார்த்தவர்கள் குழந்தையோ என்று எட்டிப் பார்த்தார்கள். அவர் உள்ளங்கை முழுக்கக் கறுப்புச் சிலாம்பு ஏறியிருந்தது. கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அதற்காகப் பொன்னியும் கூட வந்தாள். வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

மார்த்தா பகானிலிருந்து வர நாள் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். விடுதி வாசலில் அவர் செருப்பு கிடந்தது.

அனுமதி வந்துவிட்டதாம். மறுநாள் மிங்கலாடோனில் விமானம். கீழ்க்கூடத்தில் சாமானைப் பரப்பி வைத்திருந்தார். கயிறு, பூட்ஸ், ஒற்றை ஆயுதம். டோ சான் என்னைப் பார்த்ததும் "கோ வின், அம்மாவோட ஒரு சாமானக் காணோம்," என்றார். பதற்றமாக இருந்தார். என்னைச் சந்தேகப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மேஸ்திரி துண்டை விரித்து மேஜையில் வைத்தார்.

மார்த்தா பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அலகைத் தொட்டார். குங்குமத்தை முகர்ந்தார். முனையில் ஒட்டியிருந்த எலுமிச்சங்கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தேக்கரண்டியாகிவிட்ட முனையை விரலால் தடவினார். பிறகு டோ சானிடம் ஆங்கிலத்தில் கேட்டார். டோ சான் என்னிடம் பர்மியில் கேட்டார்.

"எதுல அடிச்சேன்னு கேக்குறாங்க."

"பாறையில."

மார்த்தா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேசினார். டோ சான் கேட்டுக் கேட்டுச் சொன்னார். சொல்லச் சொல்ல டோ சான் முகமும் மாறியது.

"இது பாறைக்கு இல்லியாம். ஐஸுக்காம்."

"எதுக்கு?" என்றார் மேஸ்திரி. அவருக்குப் பர்மி நன்றாகத் தெரியும். காதில் விழுந்ததை நம்பவில்லை.

"ஐஸ். தண்ணி ஒறைஞ்சு கெடக்கும்ல, அதுல கொத்தி ஏறுறது."

"ஐஸ் உடைக்கவா?" மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "மீன் எறங்குற எடத்துல சாக்குல போட்டுக் கட்டையால அடிப்பானேய்யா! அந்த ஐஸா? அதுக்கா கரிய நூலாக்கி, பசை போட்டு, முதல பல்லு வச்சு..." அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்கும் அதே அதிர்ச்சிதான். பனிமலை என்றால் வெள்ளையாக இருக்கிற பாறை என்று நினைத்திருந்தேன். அது தண்ணீர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்த்தா உடைந்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். அந்த வெள்ளைக் கீறலை விரலால் காட்டினார். கல்லிலும் சில சமயம் மாட்டுவோம், ஆனால் அடிக்க மாட்டோம், மெல்ல வைத்துக் கீழே இழுப்போம் என்றார். கீழே இழுத்தால் ஒரு மாட்டின் கனத்தையும் தாங்கும். கல் பட்டுக் கீறல் விழுந்துவிட்டால் நம்பக் கூடாது. அதைப் பக்கவாட்டில் நெம்பினால் போய்விடும். இரும்பு மாதிரி வளைந்து சொல்லாது, ஒரேயடியாகப் போகும்.

மேஸ்திரி எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். "நெம்புனது நான். இவன் இல்ல. கேட்டுச் சொல்லுங்கம்மா. மன்னிச்சாங்களா?"

டோ சான் கேட்டார். மார்த்தா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை. கொஞ்சம் பேசினார்.

டோ சான் என் பக்கம் திரும்பினார்.

"உடைச்சதுக்கு மன்னிச்சிட்டாங்களாம். எடுத்ததுக்கு இல்லியாம். உடையாம, அந்தக் கீறலோட நீ கொண்டாந்து வச்சிருந்தா, அவங்க பாக்காம மேல போயிருப்பாங்களாம். அங்க உடைஞ்சிருக்குமாம். உடைஞ்சது நல்லதாப் போச்சாம்."



மார்த்தா சொன்னது சரி. மேஸ்திரி நெம்பாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். குங்குமத்தைத் துடைத்திருப்பேன். முனையை அரத்தால் தேய்த்திருப்பேன். மூட்டையில் வைத்திருப்பேன். மார்த்தா கிளம்பும்போது பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றி, தலையாட்டியிருப்பேன். அந்தக் கீறல் ஒரு நகம் அளவுதான். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைய அதிர்ச்சி எல்லாம் போய்விட்டது. இது மட்டும் இன்னும் இருக்கிறது.

"எடுத்ததுக்கு மன்னிக்கல," என்றார் மேஸ்திரி. "அப்ப பொண்ணு இல்ல." எனக்குத் தலை வணங்கினார். மரியாதையாகத்தான்.

மார்த்தா மறுநாள் போனார். கூட வந்தவர்களிடம் பழைய இரும்புக் கோடாலி ஒன்று இருந்ததாம், அதோடு ஏறினார். நல்லபடி திரும்பியும் வந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். ஆனால் தன் மூட்டையைத் தானே மாடிக்குத் தூக்கிப் போனார். டோ சான் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சாமான் அறைச் சாவி மட்டும் அவர் இடுப்புக்குப் போனது. நான் அந்த வேலையை விடுகிறவரை திரும்பி வரவில்லை.

அந்த விஜயதசமி அன்று மேஸ்திரியும் பொன்னியும் ஊருக்குக் கிளம்பும் முன் ஒன்று நடந்தது. பொன்னி டோ சானிடம் ஊசி வாங்கி, கூடத்துப் படியில் உட்கார்ந்து மேஸ்திரி கையில் சிலாம்பு எடுத்தாள். எடுத்து முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"இந்தா. நீயும் கையக் காட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"காட்டுன்னா."

காட்டினேன். இரண்டு கையிலும் முள்ளம்பன்றி போல ஏறியிருந்தது. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"அந்தக் கம்பும் நீயும் ஒரே ரகம்யா. சொல்லாம உடையிற சாமான்."

அடுத்த வருஷம் என் அம்மா மறுபடி கியாக்தானுக்குப் போனார். மேஸ்திரி பயந்துபோய், "பொண்ணு இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றாராம். "உங்க பொண்ண யாரு கேட்டா? உங்க தங்கச்சி மகளக் கேக்குறேன்," என்றார் அம்மா. மேஸ்திரி வெகுநேரம் யோசித்தாராம். "என் பொண்ணத் தரமாட்டேன்னுதான் சொன்னேன். தங்கச்சி மகளப் பத்தி ஒண்ணும் சொல்லலியே," என்றாராம். சொன்னா சொன்னதுதான்.

பொன்னிக்கும் எனக்கும் கல்யாணம் ஆகி இப்போது பிள்ளைகள் பெரியவர்கள். சரோஜா மண்டலேயில் நகைக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஏசி அறையில் இருக்கிறாள். வீட்டில் நான் ஏதாவது வலியை மறைத்தால், "அப்பா, கீறல் எங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். விருந்தாளி யார் வந்தாலும் பொன்னி இந்தக் கதையைச் சொல்லாமல் சோறு போட மாட்டாள். நான் மூலையில் உட்கார்ந்து தலையாட்டுவேன். அவள் பாறையை அடிப்பாள், மேஸ்திரி போல விழுவாள், அந்தச் சத்தத்தை வாயாலேயே போடுவாள். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் பெருமூச்சு விட்டு என் பக்கம் கை காட்டி இப்படித்தான் முடிப்பாள்:

"அந்த வெள்ளக்காரம்மா மட்டும் கொஞ்சம் தாராளமா மன்னிச்சிருந்தா, இது இன்னிக்கு சரோஜா தலையில கெடக்கும். நான் தப்பிச்சிருப்பேன்."